முதல் மடக்கு யாருடைய பிழை?



சில வருடங்களுக்கு முன், நம் பிளெய்ன்ஸ்பரோவில் நண்பர் குடும்பம் ஒன்று வெள்ளிக்கிழமை பஜனைக்கு வருவதை மெல்ல நிறுத்திக்கொண்டது. அதற்கு முன் பிரசாத வரிசையில், "பையன் எந்தக் காலேஜ்?" என்று நாம்தான் விடாமல் கேட்டுக்கொண்டிருந்தோம். பையன் போதைப் பழக்கத்துக்குச் சிகிச்சையில் இருந்தான் என்பது வெகுநாள் கழித்தே தெரிந்தது. பதினான்கு வயதில் தொடங்கியதாம். தெரிந்ததும் நம்மில் பலர் கேட்டது, "நல்ல குடும்பம் ஆயிற்றே, வளர்ப்பில் எங்கே தவறு?" என்பதுதான்.

போதைப் பழக்கம் ஒழுக்கக் கேடா, நோயா? இது நமக்குப் புதிய கேள்வி அல்ல. டி.டி. கிருஷ்ணமாச்சாரியின் பேரன் டி.டி. ரங்கநாதன் 1979ல் இளம் வயதிலேயே குடிநோயால் இறந்தார். அவர் மனைவி சாந்தி ரங்கநாதன் வெட்கப்பட்டு ஒதுங்கிவிடாமல், 1980ல் கணவர் பெயரிலேயே சென்னையில் ஓர் அறக்கட்டளையைத் தொடங்கினார். குடியை நோயாக ஏற்று, குடும்பத்தாருக்கும் சேர்த்து அங்கே சிகிச்சை தருகிறார்கள். மஞ்சக்குடி போன்ற கிராமங்களிலும் முகாம் நடத்தினார்கள். 1992ல் அவருக்குப் பத்மஸ்ரீ விருது கிடைத்தது.

இளவயதுத் தொடக்கம் ஏன் முக்கியம்? அமெரிக்காவில் 1992ல் நாடு தழுவி எடுத்த ஆய்வில், 15 வயதுக்கு முன் குடிக்கத் தொடங்கியவர்களில் 100க்கு 40 பேருக்கு மேல் பிற்காலத்தில் அதற்கு அடிமையாகியிருந்தனர். 20 வயதுக்குப் பின் தொடங்கியவர்களில் அது 10 பேர் அளவுதான். பரம்பரையும் வீட்டுச் சூழலும் இதில் சேரும். ஆனாலும், ஆசையை அடக்கி யோசிக்க வைக்கும் மூளைப்பகுதி முழு வளர்ச்சி அடைய ஏறத்தாழ 25 வயது ஆகிறது என்பதை மறக்கலாகாது.

இதைவிடப் பெரிய நஷ்டம் ஒன்று உண்டு. பயம், அவமானம், தனிமை இவற்றைத் தாங்கிக்கொள்ள மனிதன் கற்கும் வயது அது. அந்த வயதில் போதையால் மனதை அமர்த்தப் பழகியவன் வேறு வழி எதையும் பழகுவதில்லை. முப்பது வயதில் சிகிச்சைக்கு வரும்போது, பதினான்கு வயதில் விட்ட பாடத்தை அவன் முதலிலிருந்து படிக்க வேண்டியிருக்கிறது. பசி, கோபம், தனிமை, களைப்பு இந்த நான்கும் வரும்போது விழிப்பாயிரு என்று அங்கே கற்பிக்கிறார்கள். ஆசை அலைபோல் எழும், சற்றுப் பொறுத்தால் தானே இறங்கும் என்றும், ஒருமுறை சறுக்கினால் எல்லாம் போயிற்று என்று எண்ணாதே என்றும் சொல்லித் தருகிறார்கள்.

நோய் என்று சொல்லிவிட்டால் அவனுடைய பொறுப்பு நீங்கிவிடாதா என்று பெரியவர்கள் கேட்கலாம். நியாயமான கேள்விதான். நீரிழிவு வந்ததற்காக யாரையும் நாம் பழிப்பதில்லை. ஆனால் மருந்தையும் பத்தியத்தையும் அவரவர்தான் கடைப்பிடிக்க வேண்டும். அதுபோல, சிறுவயதில் தொடங்கியதன் முழுப் பழியும் அவனுடையதல்ல. இன்று எழுந்து நிற்கும் கடமை அவனுடையதே. அதை அவன் தனியாகவே செய்யவேண்டும் என்பது மட்டும் எந்த தர்மத்திலும் இல்லை.

நம் பங்கும் இதில் உண்டு. மார்க் குறைந்த அன்று நம் பிள்ளை அந்த வருத்தத்தை நம்மிடம் சொல்ல முடிகிறதா? "நாலு பேர் என்ன சொல்வார்கள்" என்று நாம் சொல்லும்போது, அந்த நாலு பேரும் நாம்தானே! அவசரம் என்றால் 988 என்ற எண்ணை இரவு பகல் எந்நேரமும் அழைக்கலாம் என்பதை ஒவ்வொரு வீட்டிலும் தெரிந்து வைத்துக்கொள்வோம்.

பைபாஸ் ஆபரேஷன் நடந்த வீட்டுக்கு முறைபோட்டு ரசம் சாதம் கொண்டுபோகிறோம். அந்தப் பையன் சிகிச்சையில் இருந்த மாதங்களில் அவன் வீட்டுக்கு நம்மிடமிருந்து ஒரு டப்பாகூடப் போகவில்லை. அடுத்த முறையாவது போகட்டும்.