பேச்சுக்குப் பொறுப்பாளி யார்?

2018 மார்ச்சில் கண்டி மாவட்டத்துத் திகனவில் முஸ்லிம்களுக்கு எதிரான வன்முறை வெடித்தபோது இலங்கை அரசு பேஸ்புக், வாட்ஸ்அப், வைபர் ஆகியவற்றை முடக்கியதும், தன் தளம் அதில் தவறாகப் பயன்பட்டதற்கு 2020 மே மாதத்தில் பேஸ்புக் நிறுவனம் மன்னிப்புக் கோரியதும், கோடிக்கணக்கானோரின் பேச்சுக்கான பொறுப்பை ஒரே நிறுவனத்திடம் விட்டுவைப்பது அறமாகுமா என்னும் வினாவை எழுப்புகின்றன.

இயூகன் ரோச்கோ 2016இல் வெளியிட்ட மஸ்டடோன் என்னும் சமூக ஊடக மென்பொருள், இதற்கு மாற்றான அமைப்பை முன்வைத்தது. அதில் ஒவ்வொரு வழங்கியும், அதாவது பயனர்களின் கணக்குகளைத் தாங்கும் கணினியும், தனக்கெனச் சொந்த நிருவாகியையும் விதிகளையும் கொண்டிருந்தாலும், ஆக்டிவிட்டிபப் எனும் பொது நெறிமுறையின் வழியே பிற வழங்கிகளோடு உரையாடுகிறது. இலங்கையின் ருவான்வெல்லைப் பகுதி இறப்பர்த் தோட்டங்களின் மாரியம்மன் கோயில்கள் தலைமைப் பீடம் எதற்கும் கட்டுப்படாமல், அந்தந்தத் தோட்டத்து மக்களின் பொறுப்பிலேயே திருவிழா நடத்துவதும், அயல்தோட்டத்தார் அதில் கலந்துகொள்வதும் இத்தகைய ஒழுங்கே ஆகும்.

ஆயினும் அதிகாரம் பரவுவதால் மட்டும் அறம் பரவிவிடாது. வெறுப்புப் பேச்சுக்குப் பெயர்பெற்ற காப் தளம் 2019இல் மஸ்டடோன் மென்பொருளுக்கு மாறியபோது, அதை அழிக்கும் அதிகாரம் எவருக்கும் இல்லாமையால், பல வழங்கிகளால் அதனுடனான தொடர்பைத் துண்டிக்க மட்டுமே முடிந்தது. வெறுப்பு தன் வட்டத்துக்குள் நீடித்தது. சிறிய சமூகத்திலும் செல்வாக்குள்ள சிலரே விதி வகுக்கக்கூடும். எனினும் அங்கே விதி வகுத்தவரை நேரடியாகக் கேள்வி கேட்கவும், உடன்படாதபோது உறவுகளை இழக்காமல் வேறு வழங்கிக்குப் பெயரவும் வழியுண்டு என்பதால், பொறுப்பு என்பது ஒவ்வொருவரும் ஏற்க வேண்டிய கடமையாகிறது.