கையின் அன்பும் காதின் சாட்சியும்

கடையில் வாங்கக்கூடிய ஒரு பொருளை ஒருவர் தம் கையாற் செய்ய முற்படுவது ஏன்? இவ்வினா மேலோட்டமாக நோக்குவார்க்கு அற்பமானதாகத் தோன்றலாம். ஆயின் மனித உழைப்பின் மதிப்பு யாது, அவ்வுழைப்பு மனிதரின் தீர்ப்பிற் செலுத்தும் ஆதிக்கம் யாது என்னும் இரு பிரச்சினைகள் இதனுட் பொதிந்துள்ளன. ஹெட்போன் விரியலாக்கியைப் பொழுதுபோக்காகச் செய்வோரின் அனுபவம் இவற்றை ஆராய்தற்குத் தக்கதோர் உதாரணமாகும்.

1990களின் பிற்பகுதியிற் சூ மோய் என்பார் மிக எளியதொரு மின்சுற்றினை வெளியிட்டார். செயற்பாட்டு விரியலாக்கி, சில தடையிகள், சில கொள்ளளவிகள், 9 வோல்ற்று மின்கலம் ஆகிய யாவும் இனிப்பு வைக்கும் சிறு தகரப்பெட்டி ஒன்றினுள் அடங்கிவிடும். மின்னியலை முறையாகக் கல்லாதோரும் பல நாடுகளில் இதனைச் செய்து பார்த்தனர்.

இம்முயற்சிக்குச் சிக்கனமே காரணம் எனல் பொருந்தாது. பற்றாசுக்கோல், பல்மானி முதலிய கருவிகளின் விலையையும் செலவிட்ட இரவுகளையும் கணக்கிடின், வாங்குதலே மலிவு என்பது பெரும்பாலும் புலனாகும். உண்மைக் காரணம் வேறு. 1844ஆம் ஆண்டின் கையெழுத்துப் படிகளிற் கார்ல் மார்க்ஸ், தான் ஆக்கிய பொருளே தனக்கு அந்நியமாய் நிற்கும் தொழிலாளியின் நிலையை விளக்கினார். தகரப்பெட்டியினுள் ஒவ்வொரு தடையியையும் தாமே பொருத்தியவருக்கோ அப்பொருள் அந்நியமன்று. அதன் உள்ளும் புறமும் அவர் அறிவார். பழுதுற்றால் எங்கே தேடவேண்டும் என்பதையும் அறிவார். இம்மகிழ்ச்சி மெய்யானது, மதிக்கத்தக்கது.

பிரச்சினை இதற்கு அப்பாலேயே தோன்றுகின்றது. வேலை முடிந்ததும் அவர் ஹெட்போனைச் செவியிற் பொருத்திக் கேட்கின்றார். முன்னர் கேளாத நுட்பங்கள் கேட்கின்றன. இசை உயிர்பெற்றதாகத் தோன்றுகின்றது. கடையில் விற்கும் எதுவும் இதற்கு ஈடாகாது என்று நண்பரிடம் கூறுகின்றார். அவர் பொய் கூறவில்லை. ஆயினும் அவர் கூறுவது மெய்தானா?

பின்னூட்டற் சுற்றில் 1 கிலோஓம், 10 கிலோஓம் தடையிகள் அமையின் இத்தகைய விரியலாக்கியின் வோல்ற்றளவு நயம் 11 ஆகும். அஃதாவது, விரியலாக்கியின்றிக் கேட்டதனினும் இப்போது ஒலி உரத்து ஒலிக்கின்றது. ஒலிமட்டத்திற் சிறிதளவு உயர்வு நேரினும் மனிதச் செவி அதனை உரப்பு என்று உணராது, தரம் என்றே உணர்ந்து மயங்குவதுண்டு. இம்மயக்கத்துடன் ஆக்கியவரின் அன்பும் சேர்ந்துகொள்கின்றது. அரிஸ்ரோட்டில் தமது ஒழுக்கவியல் நூலின் ஒன்பதாம் பகுதியில், கைவினைஞர் தம் ஆக்கங்களை நேசிப்பதையும், கவிஞர் தம் கவிதைகளைப் பிள்ளைகளைப் போல் நேசிப்பதையும் எடுத்துக்காட்டினார். ஆக்கியவரின் இருப்பே ஆக்கத்தில் வெளிப்படுகின்றது என்பது அவர் காட்டும் காரணம். 2012இல் நோர்ட்டன், மொக்கன், ஆரியலி ஆகிய ஆய்வாளர் வெளியிட்ட ஆய்வும் இதனையே பரிசோதனை வாயிலாகக் காட்டிற்று. காகிதத்தை மடித்துக் கொக்கும் தவளையும் செய்தோர் தம் செப்பமற்ற ஆக்கங்களைத் தேர்ந்தோரின் ஆக்கங்களுக்கு ஏறக்குறைய நிகராக மதித்தனர். பிறரோ அவற்றை மிகக் குறைவாகவே மதித்தனர்.

இம்மயக்கத்தினின்று விடுபட வழி உண்டு. இரு கருவிகளின் வெளியீட்டு வோல்ற்றளவையும் பல்மானியாற் சமப்படுத்தி, எது எதுவென்று அறியாமற் கேட்டு, இனங்காண முயலலாம். பத்து முறையும் வெறும் ஊகத்தாற் சரியாகச் சொல்லும் நிகழ்தகவு 1024இல் 1 மாத்திரமே. 2011இல் புனைபெயருக்குள் மறைந்திருந்த வடிவமைப்பாளர் ஒருவர் ஓ2 என்னும் விரியலாக்கியை வெளியிட்டு, அளவீடுகளையும் இத்தகைய மறைவுச் சோதனைகளையுமே வற்புறுத்தினார். மாற்றமின்றி எவரும் செய்யலாம், விற்கவும் செய்யலாம் என வடிவமைப்பைத் திறந்துவிட்டு, 2012இல் அவர் எழுதுவதை நிறுத்திக்கொண்டார். அவர் நோக்கம் யாதாயினும், அவ்வாக்கம் ஆக்கியவரின் பெயரை நம்பி நிற்கவில்லை. எவரும் சரிபார்க்கக்கூடிய அளவீட்டின் மீதே நின்றது.

இங்கு ஒரு மறுப்பு எழலாம். ஒருவர் தம் ஆக்கத்திற் களித்திருப்பதால் எவருக்கு என்ன தீங்கு? சோதனை செய்து அக்களிப்பைக் குலைப்பானேன்? தனிமையிற் களிப்பவரைக் குறைகூற எவருக்கும் உரிமையில்லை என்பது உண்மையே. ஆனால் அவர் நண்பரிடம் பேசிய கணத்திலேயே சாட்சியாகிவிடுகின்றார். சாட்சிக்கு ஒரு கடமை உண்டு. அன்றியும், ஆக்கும் தொழிலின் அறமே பொருளின் தீர்ப்புக்குப் பணிவதாகும். சரியாக உருகாத பற்றாசு மூட்டு, செய்தவர் அதனை எவ்வளவு நேசித்தாலும் நம்பத்தக்கவாறு மின்னைக் கடத்தாது. மேசையில் அத்தீர்ப்புக்குப் பணிந்தவர், கேட்கும்போது மட்டும் பணிய மறுப்பாராயின், தம் தொழிலுக்கே முரணாக நடக்கின்றார்.

சோதனையில் வேறுபாடு எதுவும் புலப்படாதுபோயின், அத்தனை இரவுகளும் வீணோ? அல்ல. தவறு செய்ததில் இல்லை; கையின் உழைப்புக்குக் காது கூலி கொடுக்கவேண்டும் என்று எதிர்பார்த்ததிலேயே உள்ளது. உழைப்பின் பயன் உழைத்தபோதே கிட்டிவிட்டது. அறிந்துகொண்ட மின்சுற்றும், பழகிய விரல்களும், பொறுமையும் எச்சோதனையாலும் பறிக்கப்படுவனவல்ல. இவற்றைத் தமது பேறாகக் கொண்டவருக்கு உண்மையைக் கண்டு அஞ்சவேண்டிய தேவையில்லை.

தகரப்பெட்டி ஒன்றில் இம்மயக்கம் நேர்வதாற் பெருங்கேடு எதுவும் விளையாது. ஆனால் மனிதர் தம் கையால் ஆக்குபவை தகரப்பெட்டிகள் மாத்திரமல்ல. கோட்பாடுகளையும் சங்கங்களையும் இயக்கங்களையும் அவர்கள் ஆக்குகின்றனர். தம் இளமையையும் வியர்வையையும் அவற்றிற் செலுத்துகின்றனர். எவ்வளவு அதிகம் செலுத்தினரோ, அவ்வளவுக்கு அவற்றின் பிழையொலி அவர்தம் செவிக்கு எட்டாது போகின்றது. அங்கே அம்மயக்கத்தின் விலையைக் கொடுப்போர் பிறராவர். ஆதலின், தாம் ஆக்கியதை நேசிக்கும் உரிமை எவருக்கும் உண்டு. அந்நேசத்தைச் சாட்சியாக நிறுத்தும் உரிமையோ எவருக்கும் இல்லை.