துறந்தவனா, துரத்தப்பட்டவனா?

கும்மிடிப்பூண்டி வட்டாரத்துச் சிற்றூர் ஒன்றில் ஆசிரியப் பணி புரிபவன் நான். ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு ஒருநாள், 'எங்கள் ஊர்த் திருவிழா' என்று தலைப்புக் கொடுத்துக் கட்டுரை எழுதப் பணித்தேன். ஆர்வத்தோடு எழுதினார்கள். பொங்கல் வைத்ததை ஒருத்தி எழுதியிருந்தாள்; தீ மிதித்த தன் தந்தையின் துணிவை ஒருவன் எழுதியிருந்தான்; அம்மனுக்குச் சாத்திய மஞ்சள் பட்டையும் எலுமிச்சை மாலையையும் மற்றொருத்தி வருணித்திருந்தாள். ஒரு சிறுவனின் கட்டுரை மட்டும் வேறுவிதமாக இருந்தது. மேளம் கேட்டது, வாணம் வெடித்தது, வண்ண விளக்குகள் ஏரித் தண்ணீரில் மின்னின, வேட்டு மருந்தின் நெடி காற்றில் வந்தது. இவ்வளவும் இருந்தன. அம்மன் மட்டும் இல்லை. "அம்மனைப் பற்றி ஏன் எழுதவில்லை?" என்று சிவப்பு மையால் எழுதி, இரண்டு மதிப்பெண்ணைக் குறைத்துவிட்டேன்.

பள்ளி விட்டு அவனோடு நடந்து சென்ற மாலையில்தான் எனக்கு விளங்கியது. அவன் வீடு ஏரிக்கரைக்கு அப்பால் இருக்கிறது. அந்தக் கரைமீது நின்றபடிதான் அவன் திருவிழாவைப் பார்த்திருக்கிறான். கண்டதை மட்டும் எழுதிய பிள்ளை அவன். காணாததை எழுதவில்லை என்று தண்டித்த ஆசிரியன் நான்! மறுநாள் அந்த இரண்டு மதிப்பெண்ணைத் திருப்பிக் கொடுத்தேன். ஆனால், தோழர்களே, அவனுக்கு இச்சமுதாயம் தரவேண்டிய பாக்கி அந்த இரண்டு மதிப்பெண் மட்டுந்தானா?

இந்த நிகழ்ச்சியை நண்பர் ஒருவரிடம் கூறினேன். அவரும் நம்மைப்போல் பகுத்தறிவாளர். சற்றும் தயங்காமல் கேட்டார்: "கோயிலே வேண்டாம் என்பவர்கள் நாம். அந்தப் பையன் உள்ளே போகாதிருப்பது நல்லதுதானே? வெளிச்சத்தில் நிற்பவனை இருட்டுக்குள் அனுப்புவதற்கா நாம் வாதாட வேண்டும்?"

கூர்மையான கேள்வி. நம் இளைஞர் பலருடைய உள்ளத்தில் கிடக்கும் கேள்வி. இதற்கு விடை காணுமுன், நம் மாவட்டத்தில் நடந்ததை முதலில் நினைவுபடுத்திக் கொள்வோம்.

2022 அக்டோபர்த் திங்களில், கும்மிடிப்பூண்டியை அடுத்த தோக்கமூரில், திரௌபதி அம்மன் கோயிலைச் சுற்றி எழுப்பப்பட்டிருந்த சுவரை அதிகாரிகள் முன்னின்று இடித்தனர். தீண்டாமைச் சுவர் என்றே நாடு அதனை அழைத்தது. இரண்டு ஆண்டுகள் கழிந்தன. 2024 ஆகஸ்டுத் திங்களில், அதே கும்மிடிப்பூண்டி வட்டாரத்து வழுதலம்பேட்டில் எட்டியம்மன் கோயில் குடமுழுக்கு நடந்தது. வழிபட வந்த ஆதிதிராவிட மக்களை மற்றச் சாதியாரில் ஒரு பகுதியினர் தடுத்தனர். பூசல் மூளும் நிலை ஏற்படவே, அதிகாரிகள் கோயிலைப் பூட்டி முத்திரை வைத்தனர். குடமுழுக்குக் கண்ட கோயில், மக்களைக் காணாமல் மூடிக்கிடந்தது!

விழுப்புரம் மாவட்டத்து மேல்பாதியில் நடந்ததும் இதுபோன்றதே. 2023 ஏப்ரலில் திரௌபதி அம்மன் கோயில் திருவிழாவின்போது உள்ளே சென்ற ஆதிதிராவிடர் தாக்கப்பட்டனர். ஜூன் திங்களில் கோயில் பூட்டப்பட்டது. 2024 மார்ச்சில் உயர்நீதிமன்ற ஆணையின்படி பூசைக்காக மட்டும் கதவு திறந்தது. எல்லா மக்களும் உள்ளே செல்ல வழி பிறந்தது 2025 ஏப்ரலில்தான்.

திரௌபதி யார்? ஆடவர் நிறைந்த அவையிலே இழுத்து வரப்பட்டு, இழிவு செய்யப்பட்டு, அந்த அவையை நோக்கி நீதி கேட்டவள் என்று அவர்களது பாரதமே கூறுகிறது. நமக்கு அது வரலாறு அன்று, கதை. ஆனால், இரவெல்லாம் கூத்து நடத்தி அந்தக் கதையைக் கேட்டு உருகுகிறவர்கள், விடிந்ததும் அவள் வாயிலிலேயே மனிதரை நிறுத்தி இழிவு செய்கிறார்களே, இஃது என்ன விந்தை!

தடுப்பவர்களுக்கும் காரணங்கள் உண்டு. அவற்றை எள்ளி நகையாடிவிட்டுச் செல்வது எளிது. எடைபோட்டுப் பார்ப்பதே நம் கடமை.

"இது எங்கள் முன்னோர் வழக்கம்" என்பது முதற் காரணம். வழக்கம் என்பது மலையா, மாறாமல் நிற்க? 1897-இல் கமுதி மீனாட்சி சுந்தரேசுவரர் கோயிலுக்குள் நாடார் சமூகத்தார் நுழைந்தனர். நுழைந்தது குற்றம் என்று வழக்குத் தொடரப்பட்டது. அந்த வழக்கு இலண்டன் பிரிவியு கவுன்சில்வரை சென்று, 1908-இல் அவர்களுக்கு எதிராகவே முடிந்தது. அன்று வழக்கத்தின் பெயரால், சட்டத்தின் பெயரால், வெளியே நிறுத்தப்பட்டவர்களை இன்று யார் வெளியே நிறுத்த முடியும்? 1939 ஜூலை 8-ஆம் நாள் வைத்தியநாத ஐயர் ஆதிதிராவிடத் தோழர்களையும் நாடார் ஒருவரையும் அழைத்துக்கொண்டு மதுரை மீனாட்சி கோயிலுக்குள் சென்றார். பட்டர்கள் சிலர் சினந்து விலகினார்கள். கோபுரம் சாய்ந்ததா? பொற்றாமரைக் குளம் வற்றியதா? இன்றைக்கும் நாள்தோறும் ஆயிரமாயிரம் பேர் அங்கே செல்கிறார்கள். முன்னால் நிற்பவரின் சாதி பின்னால் நிற்பவருக்குத் தெரிவதில்லை. வழக்கம் மனிதன் போட்ட முடிச்சு, மனிதனே அவிழ்க்கலாம்.

"எங்கள் பணம், எங்கள் நிலம், எங்கள் குலதெய்வம்" என்பது இரண்டாவது காரணம். கோயிலுக்குச் செல்லும் வழியே பட்டா நிலம் என்று வாதிடுவோரும் உண்டு. ஒருவர் தம் வீட்டுக் கூடத்தில் படம் மாட்டி விளக்கேற்றினால், அங்கே வருவேன் என்று எவரும் கேட்பதில்லை. ஊருக்கே பொதுவென்று திறந்து வைத்து, ஊர்த் திருவிழா என்று பெயரிட்டு, ஒலிபெருக்கி கட்டி ஊரையே அழைத்துவிட்டு, ஒரு தெருவாரை மட்டும் அவர்கள் பிறந்த பிறப்புக்காகத் தடுத்தால், அது சொத்துரிமை அன்று, தீண்டாமை. 1947-இல் சென்னை மாகாணம் இயற்றிய ஆலயப் பிரவேசச் சட்டம் இதைத்தான் கூறியது. அரசியல் சட்டத்தின் 17-ஆவது பிரிவு தீண்டாமையை ஒழித்தது. 25-ஆவது பிரிவு, பொதுத்தன்மை வாய்ந்த இந்து சமய நிறுவனங்களை எல்லாப் பிரிவினருக்கும் திறந்துவிடச் சட்டமியற்றும் அதிகாரத்தை அரசுக்குத் தந்தது. மூல்கி வேங்கடரமணர் கோயில் ஒரு வகுப்பாருக்கே உரியது என்று வாதாடப்பட்ட வழக்கில், 1957-இல் உச்சநீதிமன்றம் அந்த வகுப்பாரின் சில தனிச் சடங்குகளுக்கு இடம் விட்டது; ஆனால் பொதுமக்கள் வழிபடும் உரிமையை முற்றாக மறுக்க முடியாது என்று உறுதியாகக் கூறியது.

மூன்றாவது காரணம் அமைதி. "ஊர் அமைதியாக இருந்தது, இப்போது பையன்கள் கிளப்பிவிடுகிறார்கள், நாளைக்கு வெட்டுக்குத்து என்று வந்தால் எங்கள் பிள்ளைகளின் வாழ்வு என்னாவது?" என்று கவலைப்படுகிறார்கள். இந்தக் கவலை பொய்யன்று. நம் ஊர்ப் பெற்றோர் தொழிற்சாலை வேலையை நம்பிப் பிள்ளைகளைப் படிக்கவைக்கிறார்கள். ஒரு வழக்குப் பதிவானால் அந்த எதிர்காலம் கெடும். ஆனால் எண்ணிப் பாருங்கள். இதுவரை நிலவிய அமைதி யாருடைய அமைதி? ஒருவன் வாய் திறவாமல் ஏரிக்கரையில் நின்றதால் கிடைத்த அமைதி அது. அவன் வாய் திறந்தவுடன், அமைதி குலைந்தது என்கிறார்கள். காலை மிதித்துக்கொண்டிருப்பவன், மிதிபட்டவன் கத்திய பிறகுதான் சத்தம் என்கிறான்!

அதிகாரிகள் வைக்கும் முத்திரையையும் இந்த நோக்கிலேயே காண வேண்டும். இரத்தம் சிந்தாமல் தடுக்க ஒருநாள் பூட்டினால், அதில் நியாயம் உண்டு. மாதக்கணக்கில், ஆண்டுக்கணக்கில் பூட்டியே வைத்தால், மறுத்தவனும் மறுக்கப்பட்டவனும் ஒரே தண்டனையைப் பெறுகிறார்கள். அது மட்டுமன்று. அம்மன் பூசையின்றிக் கிடந்தாலும் கிடக்கட்டும், அவர்கள் மட்டும் உள்ளே வரக்கூடாது என்று எண்ணுகிறவர் உள்ளத்தில் குடியிருப்பது பக்தியா? மூடிய கதவு நமக்கு ஓர் உண்மையைத் திறந்து காட்டுகிறது: சண்டை கடவுளுக்காக அன்று, சாதிக்காக.

ஊர்ப் பெரியவர் ஒருவர் என்னிடம் மனம்விட்டுப் பேசினார். "எனக்கொன்றுமில்லை வாத்தியாரே! நான் சரியென்று தலையாட்டினால், நாளைக்கு என் பேத்தியைக் கொள்ள எந்த ஊரான் வருவான்?" என்றார். அந்த ஒரு வாக்கியம், நான் கல்லூரியில் படித்த நூல்கள் பலவற்றைவிடத் தெளிவாக எனக்குச் சாதியை விளக்கியது. சாதி அவனை வெளியே நிறுத்துகிறது. இவரை உள்ளே பூட்டிவைக்கிறது.

இனி, நண்பரின் கேள்விக்கு வருவோம். கோயில் வேண்டாம் என்கிற நாம், கோயில் நுழைவை ஏன் ஆதரிக்க வேண்டும்?

நண்பர் நல்ல குடியிருப்பில் பிறந்தவர். சிறுவனாக இருந்தபோது தாயின் கைப்பிடித்துக் கோயிலுக்குச் சென்றவர். பின்னர் படித்தார், சிந்தித்தார், போவதை நிறுத்தினார். நானும் அப்படியே. எங்கள் எதிரே கதவு திறந்திருந்தது. நாங்கள் திரும்பி நடந்தோம். அதற்குப் பெயர் துறத்தல். அந்தச் சிறுவனின் எதிரே கதவே திறக்கவில்லை. அவன் வெளியே நிற்பதற்குப் பெயர் துரத்தப்படுதல். இரண்டையும் ஒன்றென்று சொன்னால், பட்டினி கிடப்பவனைப் பார்த்து, "என்னே உன் நோன்பு!" என்று பாராட்டுவது போலாகும். சோறு இருந்தும் உண்ணாதவனுக்குத்தான் நோன்பு. சோறு மறுக்கப்பட்டவனுக்கு அது கொடுமை.

வேண்டாம் என்று சொல்வதற்கும் ஓர் உரிமை வேண்டும். உள்ளே நுழைய முடிந்தவனே, உள்ளே நுழையேன் என்று சொல்லமுடியும். அவனுக்காக நாமே, 'உனக்கு வேண்டாம்' என்று முடிவுகட்டினால், கதவைச் சாத்துகிற ஊர்க்காரர்களுக்கும் நமக்கும் என்ன வேறுபாடு? அவர்கள் சாதியின் பெயரால் சாத்துகிறார்கள். நாம் பகுத்தறிவின் பெயரால் தாழிடுகிறோம். வெளியே நிற்பவனுக்கு இரண்டும் ஒன்றே.

நம் முன்னோடிகள் இதனை நன்கு உணர்ந்திருந்தார்கள். 1924-இல் வைக்கத்தில் கேட்கப்பட்டது கருவறை அன்று. கோயிலைச் சுற்றியுள்ள தெருக்களில் நடக்கும் உரிமை. பெரியார் அதற்காக இருமுறை சிறை சென்றார். 1930-இல் நாசிக் காலாராம் கோயில் வாயிலில் அம்பேத்கர் போராட்டத்தைத் தொடங்கினார். சிலையை வணங்கியே தீரவேண்டும் என்ற வேட்கை அவருக்கு இருந்ததில்லை. மனிதரென்று எம்மை ஏற்கிறீர்களா இல்லையா என்று அந்த வாயிலில் நின்று கேட்டார். ஆண்டுகள் சென்றும் விடை வரவில்லை. 1935-இல், இந்துவாக இறக்கப்போவதில்லை என்று எவலா மாநாட்டில் அறிவித்தார். 1956-இல் நாகபுரியில் பௌத்தம் தழுவினார். கேட்காமலே ஒதுங்கியிருந்தால் அது பணிவு. கேட்டுவிட்டு, விடையையும் கண்டுவிட்டு வெளியேறினார். ஆகவே அது தீர்ப்பு.

சிப்காட் தொழிற்பேட்டையைப் பாருங்கள். காலை மின்சார ரயிலில் தோளோடு தோள் இடிக்க வந்து இறங்குகிறார்கள். இரும்பு ஆலையின் அனலில் ஒருவர் வியர்வை மற்றவர்மேல் தெறிக்கிறது. ஒரே குழாயில் தண்ணீர் குடிக்கிறார்கள். ஒரே உணவுக்கூடத்தில் உண்கிறார்கள். அங்கே தீட்டு இல்லை. மாலையில் ஊர் எல்லைக்குள் கால்வைத்ததும், ஒருவன் தெருவுக்கும் ஒருவன் கரைக்கும் பிரிகிறான். இரும்பை உருக்கும் உலை இருக்கிறது நம் வட்டாரத்தில். இதை உருக்கும் உலை எங்கே? தொழிற்சாலை வந்தால் சாதி தானே போய்விடும் என்று நம்பியிருந்தவர்களுக்கு வழுதலம்பேடு விடை சொல்லிவிட்டது. தானே போகாது, நாம்தான் போக்க வேண்டும்.

எங்கே தொடங்குவது? ஏரிக்கரைக்குச் சென்று அங்குள்ளவர்களுக்கு நாத்திகம் போதிப்பதிலா? அன்று. நம்மில் பலர் கதவுக்கு உட்புறம் பிறந்தவர்கள். நம் தந்தையர், மாமன்மார், பங்காளிகள்தாம் கதவைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார்கள். மேடையேறிக் கடவுளை மறுப்பதைவிட, வீட்டுத் திண்ணையில் அமர்ந்து, "நீங்கள் ஏன் அவர்களை மறுக்கிறீர்கள்?" என்று சொந்தத் தந்தையைக் கேட்பது கடினம். கைதட்டல் கிடைக்காது; சோறுகூடக் கிடைக்காமற் போகலாம். அந்தப் பெரியவரின் அச்சத்தைப் போக்கவும் வழி நம்மிடமே இருக்கிறது. அவர் பேத்தியைக் கொள்ள எவரும் வரமாட்டார் என்று நடுங்குகிறாரே, சாதி பாராமல் மணம் முடிக்க முன்வரும் இளைஞர் ஊருக்குப் பத்துப்பேர் இருந்தால் அந்த நடுக்கம் நிற்குமா? அந்த இளைஞர் நாமன்றி வேறு யார்?

அந்தச் சிறுவனை நான் இன்றும் நாள்தோறும் பார்க்கிறேன். வளர்ந்தபின் அவன் என்ன ஆவான் என்பதை நானறியேன். பக்தனாகலாம், அம்மன்முன் கைகூப்பி நிற்கலாம். அல்லது ஒருமுறை உள்ளே சென்று, நன்றாகப் பார்த்துவிட்டு, "இது கல்" என்று சொல்லித் திரும்பிவரலாம். பின்னதே என் விருப்பம், மறைக்கவில்லை. ஆனால், கல் என்று சொல்வதற்கேனும் அவன் அதைக் கண்ணால் காணவேண்டாமா?

மறுபடியும் அதே தலைப்பில் அவன் கட்டுரை எழுதும் நாள் வரட்டும். அம்மனைப் பற்றி எழுதினாலும் எழுதட்டும். எழுதாமல் விட்டாலும் விடட்டும். எழுதாமல் விட்டால், அஃது அவன் விட்டதாக இருக்கட்டும். அன்று நான் சிவப்பு மையைத் தொடமாட்டேன்.