பிரளயமும் தோணியும்



"புராணக் கதைகள் உண்மையா?" என்று இன்றைய பிள்ளைகள் பெற்றோரைக் கேட்கிறார்கள். கேட்பது குற்றமன்று. பதில் சொல்லத் தெரியாமல் "அப்படியெல்லாம் கேட்கக் கூடாது" என்று அவர்கள் வாயை அடைத்து விடுவதே குற்றம். புராணம் என்பது தேங்காயைப் போன்றது. கதை ஓடு, தத்துவம் உள்ளே இருக்கும் பருப்பு. ஓட்டைக் கடித்துப் பார்த்துவிட்டுத் தேங்காயில் சுவையில்லை என்று சொல்வார் உண்டோ?

சிவபெருமான் எரித்த முப்புரங்கள் ஆணவம், கன்மம், மாயை என்னும் மும்மலங்களே என்று திருமூல நாயனார் விளக்கினார். கந்தசஷ்டியில் சூரன்போர் பார்க்கும் அடியார்கள் அறிவார்கள்: மாமரமாய் நின்ற சூரபன்மன் வேலினால் இரு கூறாகி, மயிலும் சேவலுமாய் முருகப்பெருமானிடமே சேர்ந்தான். பகைவன் அழியவில்லை, பகைதான் அழிந்தது. அதுவே அக்கதையின் பருப்பு.

இவ்வாறு உட்பொருள் கொண்ட கதைகளுள், உலகில் பல இனத்தவரும் பல சமயத்தவரும் தத்தம் மொழியில் சொல்லி வந்தது பிரளயக் கதை. பெருவெள்ளம் வருகிறது, உலகம் மூழ்குகிறது, ஒரு தோணி மாத்திரம் மிதக்கிறது. இக்கதையைச் சரியாக விளங்கிக் கொள்வது நம் நாட்டவருக்கு மிகவும் அவசியமாகும். ஏனெனில் நம் கண் முன்னே கடல் எழுந்து வந்தது.

முதலில் அந்நிய தேசத்துக் கதைகளைப் பார்ப்போம். இன்றைய ஈராக் நாட்டிலுள்ள நினிவே என்னும் பழைய நகரத்தில் அகழ்ந்தெடுத்த களிமண் பலகைகள் லண்டனில் உள்ள பிரித்தானிய நூதனசாலையில் இருந்தன. நாணயத்தாள் அச்சிடும் தகடு செதுக்கும் தொழிலைப் பழகிய ஜோர்ஜ் ஸ்மித் என்பவர், தம் சொந்த முயற்சியால் அந்த எழுத்துக்களைக் கற்று, 1872 ஆம் ஆண்டில் ஒரு பலகையில் பிரளயக் கதை இருப்பதைக் கண்டார். கில்கமேஷ் காவியத்தின் ஒரு பகுதி அது. ஊத்னபிஷ்டிம் என்பவனுக்கு ஈஆ என்னும் தெய்வம் வெள்ளம் வரப்போவதை முன்கூட்டியே உணர்த்துகிறது. அவன் மரக்கலம் கட்டி, உயிர்களின் வித்தையெல்லாம் அதில் ஏற்றுகிறான். ஏழாம் நாள் புயல் ஓய்கிறது. அப்போது, அழிந்த மக்களுக்காகத் தெய்வங்களே அழுகின்றன. வெள்ளத்தை அனுப்பிய தெய்வத்தைப் பார்த்து ஈஆ இடித்துரைக்கிறது: குற்றம் செய்தவனைத் தண்டிப்பதை விட்டு, ஆராயாமல் எல்லோரையும் அழித்தது ஏன் என்று. இத்தனை பழைய காலத்திலேயே மனிதன் இந்தக் கேள்வியைக் கேட்டிருக்கிறான்.

விவிலியத்திலே நோவா பேழை செய்கிறார். நாற்பது நாள் மழை பொழிகிறது. பின்னர் புறா ஒலிவ இலையைக் கொண்டு வருகிறது. இனி வெள்ளத்தால் உலகை அழிப்பதில்லை என்று இறைவன் வாக்களித்து, வானவில்லை அதற்கு அடையாளமாக வைக்கிறார். திருக்குர்ஆனிலும் நூஹ் நபியின் கப்பல் சொல்லப்படுகிறது. அவருடைய மகன் ஒருவன் ஏறாமல் நின்று வெள்ளத்தில் போனான்; தந்தை அவனுக்காக இறைவனிடம் முறையிட்டார்.

சீன தேசத்துக் கதை வேறு விதமானது. அங்கே கூன் என்பவர் வெள்ளத்தை அணை கட்டித் தடுக்கப் பார்த்துத் தோற்றார். அவர் மகன் யூ என்பவர் வாய்க்கால்கள் வெட்டி வெள்ளத்தைக் கடலுக்கு வழிவிட்டார். அந்த வேலை முடியும் வரை தம் வீட்டு வாசலைக் கடந்து போன போதும் உள்ளே நுழையவில்லை என்பர். யார் பாவம் என்று அவர் விசாரிக்கவில்லை, மண்வெட்டியை எடுத்தார்.

இனி நம் சமய நூல்களுக்கு வருவோம். சதபத பிராமணத்திலே, கை கழுவும் நீரில் வந்த சிறு மீனை மனு காப்பாற்றி வளர்க்கிறார். பின்னொரு நாள் பிரளயத்தில் அந்த மீனே அவருடைய கப்பலை இழுத்துச் சென்று மலையிலே சேர்க்கிறது. சிறிய உயிருக்குச் செய்த தயவே பெரிய ஆபத்தில் துணையாய் வந்தது.

சீர்காழிக்குத் தோணிபுரம் என்று ஒரு பெயர். ஊழி வெள்ளத்திலே சிவபெருமான் அறுபத்து நான்கு கலைகளையும் ஆடையாகத் தரித்து, பிரணவத்தையே தோணியாக்கி, உமையம்மையோடு எழுந்தருளிய தலம் அது. கும்பகோணத்தின் கதையிலோ, அமுதமும் உயிர்களின் வித்தும் அடங்கிய கும்பம் வெள்ளத்தில் மிதந்து வந்து அங்கே தங்கியது.

இக்கதைகளைக் கேட்டுச் சிலர் தவறான பொருளை எடுத்துக் கொள்கிறார்கள். 2004 ஆம் ஆண்டு டிசம்பர் 26 ஆம் திகதி, ஞாயிற்றுக்கிழமை, பூரணை நாள் காலையில் ஆழிப்பேரலை வந்தது. சுமாத்திராவை அண்டிய கடலடியில் நிலம் நடுங்கியதால் எழுந்த அலை அது. நம் நாட்டில் மாத்திரம் முப்பதினாயிரத்துக்கு மேற்பட்டோர் மாண்டனர். கோயிலும் பள்ளிவாசலும் தேவாலயமும் விகாரையும் ஒரே அலையில் சேதமுற்றன. பால்குடி மறவாத பிள்ளைகளும் போயினர். அந்நாட்களில், செத்தவீட்டுக்குப் போன இடத்திலே "பாவம் கூடினால் கடல் பொங்கும்" என்றும், "அவரவர் கன்மவினை" என்றும் சொன்னவர்கள் உண்டு. பிள்ளையைக் கையிலிருந்து அலைக்குப் பறிகொடுத்த தாயின் காதில் அந்தச் சொல் எப்படி விழுந்திருக்கும்? அலை ஒரு முறை அடித்தது. அந்தச் சொல் அவளைத் தினமும் அடிக்கும்.

விவிலியமும் குர்ஆனும் தீமையின் பொருட்டு வெள்ளம் வந்ததென்றே சொல்கின்றன. ஆனால் அங்கே தீர்ப்புச் சொன்னவன் இறைவன். பக்கத்து வீட்டார் அல்லர். சைவ சித்தாந்தமோ, சங்காரம் என்பது பிறந்திறந்து களைத்த உயிர்களுக்கு இறைவன் தரும் இளைப்பாறல் என்கிறது. வினைக் கொள்கை நம் சமயத்தின் தூண்களில் ஒன்று, அதில் ஐயமில்லை. ஆயினும் அது அவரவர் தம்மைத் திருத்திக் கொள்ளத் தந்த கண்ணாடி. பிறர் முகத்துக்கு முன்னே பிடிப்பதற்கன்று.

திருவீழிமிழலையில் பஞ்சம் வந்தபோது, சம்பந்தரும் அப்பரும் இது யாருடைய வினை என்று ஆராய்ந்து கொண்டிருக்கவில்லை. இறைவன் தந்த படிக்காசைக் கொண்டு பொருள் வாங்கி, அடியார்க்கு அமுதளித்தனர். வினையை அவர்களைவிட அறிந்தவர் யார்?

ஆகவே, பிரளயக் கதை கேட்கும் கேள்வி "மூழ்கியவன் என்ன செய்தான்?" என்பதன்று. "பிழைத்தவன் தோணியில் எதை ஏற்றினான்? கரை இறங்கி என்ன செய்தான்?" என்பதே.  வித்து ஏறியது, உயிர் ஏறியது, கலை ஏறியது, இறைவன் திருநாமம் ஏறியது. கரை இறங்கிய ஊத்னபிஷ்டிமும் நோவாவும் மனுவும் முதலில் வழிபாடு செய்தார்கள். துயரம் என்னும் பிரளயம் நம் வீட்டுக்குள் வரும்போதும், போரிலும் இடப்பெயர்விலும் எல்லாம் இழந்தபோதும், எஞ்சுபவை அவையே.

கதை உயிர் காக்கும் என்பதற்குக் கண்கண்ட சான்றும் உண்டு. சுமாத்திராவுக்கு அருகே சிமலூ என்றொரு தீவு. 1907 ஆம் ஆண்டில் அங்கே ஆழிப்பேரலை பலரைக் கொண்டு போயிற்று. தப்பியவர்கள் அதை "ஸ்மொங்" என்று பெயரிட்டுக் கதையாகவும் பாட்டாகவும் பேரப்பிள்ளைகளுக்குச் சொல்லி வைத்தார்கள்: நிலம் பலமாக நடுங்கிக் கடல் உள்வாங்கினால் மேட்டுக்கு ஓடு என்று. 2004 இல் அத்தீவினர் அவ்வாறே ஓடினர். எழுபதினாயிரத்துக்கு மேற்பட்ட மக்கள் வாழ்ந்த அத்தீவில் அலையால் இறந்தவர்கள் ஏழு பேர் என்றே பதிவாகியுள்ளது. தம் முன்னோரைக் குறை சொல்லும் கதையாக அதை அவர்கள் வைத்திருந்தால் ஒருவரும் பிழைத்திருக்க மாட்டார்கள். வருவோரைக் காக்கும் கதையாக வைத்திருந்தார்கள்.

கோபுரக் கலசத்தினுள்ளே தானியம் இடுவது நம் முன்னோர் வழக்கம். பெருவெள்ளம் வந்து வயலெல்லாம் அழிந்தாலும் விதைநெல் உயரத்தில் இருக்கட்டும் என்பதே அதன் கருத்து என்று பெரியோர் சொல்வர். அடியார்கள் வீதியில் நின்று கலசத்தைப் பார்த்துக் கைகூப்பும் போதெல்லாம் இதை நினைவில் கொள்ளலாம். இழந்தவர் வீட்டுக்குப் போகும்போது நியாயம் பேசாமல் ஒரு பிடி அரிசியோடு போகலாம். பிள்ளைகள் கதை கேட்டால் ஓட்டை உடைத்துப் பருப்பைக் கொடுக்கலாம். பிரணவத் தோணியில் எழுந்தருளிய பெருமான் எல்லோரையும் கரை சேர்ப்பாராக.

திருச்சிற்றம்பலம்.