ஆளோலை யார் கையில்?

காலை ஐந்து மணிக்கே குக்கர் சத்தம் கேட்கும் வீடா உங்களுடையது? அப்படியானால் இந்தப் பக்கம் உங்களுக்காகத்தான் தோழியரே!

'வேலையையும் வீட்டையும் சமமாகப் பார்க்கவேண்டும்' என்று இன்று எல்லோரும் உபதேசம் செய்கிறார்கள். டி.வி.யில் சொல்கிறார்கள். பிள்ளைகளின் ஆபீஸில் அதற்கென்று வகுப்பே நடத்துகிறார்கள். இந்தத் தட்டில் இவ்வளவு, அந்தத் தட்டில் இவ்வளவு என்று கணக்கும் சொல்லித் தருகிறார்கள். எல்லாம் சரி... தராசைப் பிடித்துக்கொண்டு நிற்கிற கை யாருடையது என்று மட்டும் யாரும் கேட்பதில்லை. பார்த்தால், பெரும்பாலும் அது உங்கள் கையாகத்தான் இருக்கும்!

வேலைக்காரன் என்றால் எதுவரை? எஜமானன் எதைக் கேட்கலாம், எதைக் கேட்கக்கூடாது? இதற்கு விழுப்புரம் சீமையிலேயே ஒரு பழைய வழக்கு உண்டு. விழுப்புரத்துக்குப் பக்கத்தில், பெண்ணையாற்றங்கரையில் இருக்கும் திருவெண்ணெய்நல்லூருக்குப் போயிருக்கிறீர்களா? அங்கே கிருபாபுரீஸ்வரர் கோயில் வாசலில் 'வழக்கு தீர்த்த மண்டபம்' என்று காட்டுவார்கள். (பகல் பன்னிரண்டரைக்குக் காரில் போய் இறங்கி, 'நடை சாத்திட்டாங்களே' என்று அலுத்துக்கொள்கிறவர்களும் உண்டு. உச்சிக்கால பூஜை முடிந்தால் சுவாமிக்கும் ஓய்வு என்று ஆகமம் விதித்திருக்கிறது. நமக்குத்தான் அப்படி ஒரு நேரம் கிடையாது!)

கதை உங்களுக்குத் தெரிந்ததுதான். திருநாவலூர் சுந்தரருக்குப் புத்தூரில் கல்யாணம். மணப்பந்தலில் எல்லாம் தயாராக இருக்கும்போது கிழவர் ஒருவர் உள்ளே வருகிறார். 'இவன் என் அடிமை. இவன் பாட்டன் எழுதிக் கொடுத்த ஓலை இருக்கிறது' என்கிறார். சுந்தரர் அவரைப் 'பித்தன்' என்று ஏசுகிறார். ஓலையைப் பறித்துக் கிழித்தும் போடுகிறார். கிழவர் விடவில்லை. 'மூல ஓலை திருவெண்ணெய்நல்லூரில் இருக்கிறது, வா' என்று சபைக்கு அழைத்துப் போகிறார். சபையார் கையெழுத்தை ஒப்பிட்டுப் பார்த்துக் கிழவர் பக்கமே தீர்ப்புச் சொல்கிறார்கள். 'உம் வீடு எங்கே?' என்று கேட்டால், கிழவர் நேரே திருவருட்டுறைக் கோயிலுக்குள் நுழைந்து மறைகிறார்! ஏசிய அந்தச் சொல்லையே முதல் சொல்லாக வைத்துச் சுந்தரர் பாடத் தொடங்கினார்.

இதைத் 'தடுத்தாட்கொண்டது' என்று கொண்டாடுகிறோம். கயிலையில் கொடுத்த வாக்கைக் காப்பாற்றத்தான் இறைவன் வந்தார் என்பதும் நமக்குத் தெரியும். ஆனால் ஒரு பெண்ணாக, எனக்கு இந்த இடத்தில் வேறு ஒருவர் நினைவு வரும். பந்தலில் காத்திருந்த மணப்பெண்! சடங்கவி சிவாச்சாரியாரின் மகள். பெரியபுராணம் அவள் பெயரைக்கூடச் சொல்லவில்லை. சுந்தரரையே மனத்தில் நினைத்து வாழ்ந்து அவளும் சிவலோகம் அடைந்தாள் என்று சேக்கிழார் சொல்லி நகர்ந்துவிடுகிறார். புத்தூருக்கு மட்டும் 'மணம் தவிர்ந்த புத்தூர்' என்ற பெயர் நிலைத்துவிட்டது. ஒருவர் பணிக்குப் புறப்பட்டால், அதற்கான விலையைக் கொடுப்பவர் இன்னொருவர். அந்த இன்னொருவருக்குப் பெரும்பாலும் பெயர் இருக்காது.

இதை நினைக்கும்போது திண்டிவனத்தில் சந்தித்த ஒரு சகோதரி கண்முன் வருகிறார். கணவருக்குச் சென்னையில் தனியார் கம்பெனி வேலை. ஏறத்தாழ 120 கிலோமீட்டர், தினமும் ரயில். விழுப்புரத்திலிருந்து வருகிறவர்களுக்கு 160! விடியுமுன் கட்டிக் கொடுக்கும் டிபன் பாக்ஸ், இரவு சூடு செய்யும் குழம்பு, இரண்டுக்கும் நடுவே மாமனார் மருந்து, பிள்ளையின் டியூஷன்.

"அவருக்காவது ஞாயித்துக்கிழமைன்னு ஒண்ணு இருக்கும்மா. எனக்கு அன்னிக்குத்தான் வேலை ஜாஸ்தி" என்று சிரித்தார்.

சிரிப்பில் சொன்னாலும் கணக்கு அதுதான். மத்திய அரசு 2024-ல் எடுத்த நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பில், சம்பளமில்லாத வீட்டு வேலை செய்யும் பெண்கள் அதற்கு நாளொன்றுக்குச் சராசரியாக 289 நிமிடம் செலவிடுகிறார்கள் என்று தெரிந்தது. அதைச் செய்கிற ஆண்களோ 88 நிமிடம்தான். சென்னை உயர் நீதிமன்றமும் 2023 ஜூனில் ஒரு தீர்ப்பில், இல்லத்தரசியின் உழைப்புக்கு விடுமுறையே இல்லை என்பதை எடுத்துச் சொல்லி, கணவர் சம்பாத்தியத்தில் வாங்கிய சொத்தில் மனைவிக்கும் சம பங்கு உண்டு என்றது. கணவர் வெளியே போய்ச் சம்பாதிக்க முடிவதே அவள் வீட்டைப் பார்த்துக்கொள்வதால்தான் என்பது அந்தத் தீர்ப்பின் சாரம். நம் பாட்டிமாருக்குத் தெரிந்த நியாயம்தான். கோர்ட் சொல்ல இவ்வளவு காலம் ஆயிற்று!

சரி, கையில் ஓலை வைத்திருந்த அந்தக் கிழவர் பிறகு என்ன செய்தார்? 'நீ என் அடிமை, வீடு வாசலை மற' என்றாரா? இல்லையே! திருவாரூரில் பரவையாரைக் கூட்டி வைத்தார். பரவையாரின் வீட்டுச் செலவுக்குக் குண்டையூரில் மலை போல் நெல் கொடுத்தார். திருமுதுகுன்றத்தில் பொன் கொடுத்தார். இதெல்லாம் கூடப் பெரிதில்லை. திருவொற்றியூரில் நடந்ததைப் பாருங்கள்.

அங்கே சங்கிலியாரை மணக்கும் முன், 'உன்னைப் பிரியமாட்டேன்' என்று சுந்தரர் சத்தியம் செய்யவேண்டும். அவர் ஒரு தந்திரம் செய்தார். 'நான் சந்நிதியில் சத்தியம் செய்யும் நேரத்தில், நீர் போய் மகிழ மரத்தடியில் இருந்துகொள்ளும்' என்று இறைவனிடமே கேட்டுக்கொண்டார். இறைவனும் சரி என்றார். பிறகு சங்கிலியார் கனவில் போய், 'சத்தியத்தை மகிழ மரத்தடியில் வாங்கிக்கொள்' என்று சொல்லிவிட்டார்! தோழர், அடியார் என்றெல்லாம் பார்க்கவில்லை. பெண் பக்கம் நின்றார்.

வசந்த காலம் வந்தது. திருவாரூர்த் திருவிழா சுந்தரரின் நினைவுக்கு வந்தது. சத்தியத்தை மறந்து புறப்பட்டார். ஒற்றியூர் எல்லையைத் தாண்டியதும் இரண்டு கண்களும் போயின.

கொஞ்சம் நின்று யோசியுங்கள். அவர் சூதாடவா போனார்? சுவாமி தரிசனத்துக்குத்தானே போனார்! அந்தச் சுவாமிக்காகவே போனாலும், வீட்டில் கொடுத்த வாக்கை மீறினால் மன்னிப்பில்லை என்று ஆகிவிட்டது. பிறகு காஞ்சியில் இடக்கண்ணும், திருவாரூரில் வலக்கண்ணும் கிடைத்தன என்றாலும், அந்த வழி முழுக்கத் தடுமாறித்தானே நடந்தார்?

தலைமுறைக்கும் சேர்த்து ஆளோலை வைத்திருந்தவரே இப்படி என்றால், உங்கள் வீட்டுக்காரரின் கம்பெனி எந்த மூலை? அவர்கள் கொடுத்தது வேலை உத்தரவு. அதற்கு நேரம் உண்டு, சம்பளம் உண்டு, ஓய்வு பெறும் வயதும் உண்டு. 'ஆண்டு விழாவுக்கு வருவேன்' என்று பிள்ளையிடம் சொன்ன வார்த்தையை அழிக்கிற அதிகாரம் அதில் எங்கே எழுதியிருக்கிறது? கடைசி நேரத்தில் கூடுதல் வேலை சொன்னால் தட்ட முடியாத குடும்பங்கள் உண்டு என்பதை மறுக்கவில்லை. வயிற்றுப்பாடு அப்படி. ஆனால் தட்ட முடிகிற இடத்திலும், 'என்ன பண்றது, ஆபீஸ்' என்று சொல்லிப் பழகிவிட்டோமா இல்லையா?

இதே அளவுகோல் நமக்கும் உண்டு தோழியரே. கோயில் பத்திரிகையில் இதை எழுதலாமா என்று சிலர் கோபப்படக்கூடும். அந்தத் திண்டிவனம் சகோதரி அமாவாசைதோறும் மேல்மலையனூர் போகிறவர். இரவு அங்காளம்மன் ஊஞ்சல் உற்சவம் பார்த்துவிட்டு வீடு திரும்ப விடிந்துவிடும். இந்த முறை அடுத்த நாள் மகளுக்குப் பரீட்சை. 'கூட முழிச்சிக்கிட்டு இருக்கேன்' என்று வாக்குக் கொடுத்துவிட்டாராம்.

"அம்மனுக்கு வேண்டிக்கிட்டேன். பொண்ணுகிட்டயும் சொல்லிட்டேன். எதைம்மா விடறது?" என்று கேட்டார்.

வேண்டுதலும் வாக்குதான். சுலபமாகத் தள்ளிவிட முடியாது. ஆனாலும் நான் வீட்டில் இருக்கச் சொன்னேன். அடுத்த அமாவாசை வரும், அம்மனும் அங்கேதான் இருப்பாள். அந்தப் பரீட்சை ராத்திரி திரும்பி வராது. வேண்டுதலைத் தள்ளிவைத்ததற்கு மஞ்சள் துணியில் ஒரு ரூபாய் முடிந்து வைக்கலாம். பிள்ளையிடம் அப்படி முடிந்து வைக்க முடியுமா?

சுந்தரர் கண் பெற்றுத் திருவாரூர் திரும்பியபோது, சங்கிலியார் செய்தி கேட்ட பரவையார் கோபத்தில் அவரை வீட்டுக்குள் விடவில்லை. அர்த்தஜாமத்தில் தெருவில் நடந்து பரவையார் வீட்டுக்குத் தூது போனவர் யார் தெரியுமா? தியாகராஜப் பெருமான்! ஒருமுறை அல்ல, இரண்டுமுறை. முதல்முறை அர்ச்சகர் வேடத்தில் போனபோது பரவையார் முடியாது என்றே சொல்லிவிட்டார். ஆண்டவனை இப்படி அலைய விட்டதற்காக ஏயர்கோன் கலிக்காமர் சுந்தரர்மேல் கொதித்தது தனிக் கதை. ஆனால் அந்த நடுநிசி நடையை நினைத்தால் எனக்குச் சிலிர்க்கும். எஜமானனே அடியவனின் வீட்டுச் சண்டையைத் தீர்க்க நடந்திருக்கிறான்!

அந்த மகிழ மரத்தடிக் காட்சியை இப்போதும் மாசி பிரம்மோற்சவத்தில் திருவொற்றியூரில் 'மகிழடி சேவை' என்று நடத்துகிறார்கள். சென்னைத் தோழியர் மின்சார ரயிலிலேயே போய்விடலாம். விழுப்புரம், திண்டிவனத்துக்காரர்கள் முதல் நாளே சொல்லி வைத்துவிடுங்கள், அன்றைக்கு வீட்டுக்காரர் லீவு போட்டுவிட்டுக் கூட வரட்டும்.