பீப்பாயும் அளவுகோலும்

சுவைத்தல் வேறு, குடித்தல் வேறு என்று வரையறுக்க இயலுமா? இயலுமெனில், அவ்வரையறையை இடுவதற்கு உரியவர் யார்? இவ்வினாவை நம்முன் எழுப்பியது, சிவாஜிநகரில் ரஸ்ஸல் சந்தையை அடுத்த சந்தொன்றில் வாழும் நண்பர் இல்லத்தில் கழிந்த ஒரு மாலைப்பொழுது.

நண்பரின் மகன் வெளிநாட்டிலிருந்து புட்டி ஒன்றைக் கொணர்ந்திருந்தான். ஓக் மரப் பீப்பாயில் பல திங்கள் முதிர்வித்த பீர் அது. முன்பு விஸ்கி இருந்த பீப்பாயாதலால், கருக்கிய மரத்தின் வனிலா மணமும் பழைய மதுவின் சாயலும் அதில் இறங்கும் என்று விளக்கினான். “இது குடிப்பதற்கன்று, சுவைப்பதற்கு” என்று கூறி, ஆளுக்கு இரு விரற்கடை ஊற்றினான். நாமும் சுவைத்தோம். காப்பியும் கருப்பட்டியும் கலந்தாற்போன்ற கசப்பு; அதனடியில் மெல்லிய இனிமை.

அப்போது மூலையில் அமர்ந்திருந்த பாட்டி கேட்டார்: “உங்க தாத்தா குடிச்சா குடிகாரரு. நீ குடிச்சா ரசிகனா?”

விடைகூற நம்மிடம் இலக்கியம் இருந்தது. மூங்கிற் குழாயில் விளைந்த தேறலைத் திருமுருகாற்றுப்படையும் மலைபடுகடாமும் பேசுகின்றன. அதியமான் தமக்குக் கள்ளளித்த அன்பை நினைந்து ஔவையார் புறநானூற்றில் புலம்புகின்றார். ஆயின் வள்ளுவர் கள்ளுண்ணாமைக்கென ஓர் அதிகாரமே வகுத்து, பெற்றவள் முகத்தின் முன் அக்களிப்பு எவ்வாறு தோன்றும் என எண்ணச் செய்கின்றார். பாட்டியின் முகத்தைக் கண்டபின் மற்ற மேற்கோள்கள் நமக்கு நாவில் எழவில்லை.

1809-இல் ஆங்கிலேயர் இங்குப் படைப்பாளையம் அமைத்தபின், பிழைப்பு நாடி வந்த தமிழர் பலர். அவ்வழி வந்த குடும்பத்தில் பிறந்து, சந்தையில் மூட்டை சுமந்தவர் பாட்டியின் கணவர். உடல்நோவை மறக்கச் சாராயக் கடைக்குச் சென்றார். கூலியில் பாதி அங்கேயே தங்கிற்று. கருநாடகம் 2007-இல் சாராயத்தைத் தடை செய்தது. பல இல்லங்களைக் கெடுத்த அதனை விலக்கியதை நாம் குறைகூறோம். ஆனால், அதன்பின் இதே நகரில் பெருகிய சிறு பீர் ஆலைகளைக் கலைக்கூடங்கள் போலப் போற்றுகின்றோமே, அது ஏன்? இயல்பான பீரில் வெறியம் நூற்றுக்கு 5 பங்கு அளவில் இருக்கும். பீப்பாயில் முதிர்ந்தவற்றுள் பல 10 பங்கையும் கடக்கும். பொருளின் வன்மை குறையவில்லை. அருந்துபவரின் வாழ்வுதான் உயர்ந்திருக்கிறது.

சுவைக்க ஓய்வு வேண்டும். அவ்வோய்வைப் பேரனுக்குத் தேடித் தந்தது, பிறர் வீடுகளில் பாத்திரம் துலக்கிய பாட்டியின் கை. ஆதலின், நுண்சுவை அறிந்தமையால் ஒருவன் உயர்ந்தவனாகான். தன் குவளைக்கு விலை கொடுத்தவர் யாரென அறிந்து, அவர் முகம் நோக்கி அதனைக் கீழே வைக்க வல்லவனே அளவறிந்தவன்.

பேரன் விடைகூறவில்லை. குவளையை வைத்துவிட்டுப் பாட்டியின் அருகில் தரையில் அமர்ந்தான். “தாத்தா எப்படி இருப்பாரு?” என்று கேட்டான். அவ்வில்லத்தில் அக்கேள்வி எழுந்தது அதுவே முதன்முறை. பாட்டி நெடுநேரம் பேசினார். புட்டியில் எஞ்சிய பீர் நுரையடங்கி ஆறிற்று.