எடுப்பதும் படிப்பதும்

கரிவலம்வந்தநல்லூர்க் கோவிலுக்கு ஏடு தேடிப் போன உ. வே. சாமிநாதையருக்கு ஏடு கிடைக்கவில்லை, செய்திதான் கிடைத்தது. வரகுணபாண்டியர் சேர்த்து வைத்திருந்த சுவடிகளை நெய்யில் தோய்த்து ஹோமம் செய்துவிட்டார்கள். பழைய ஏட்டுக்கு அதுதான் விதி என்றார்களாம். ஆனால் புதுப் பிரதி எழுதிக்கொண்ட பிறகே பழையதை அக்கினிக்குக் கொடுப்பது முன்னோர் வழக்கம் என்பதை ஐயர் நினைவூட்டுகிறார். பாதி விதியை மறந்து மீதி விதியை நிறைவேற்றிவிட்டார்கள்.

இந்தச் சம்பவம் எனக்கு நினைவு வந்தது ஒரு பழைய கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருந்தபோது. திருநெல்வேலி ஜங்ஷனில் ஆற்றை ஒட்டிய தெருவில் குடியிருந்த என் நண்பருடையது அது. தமிழாசிரியர்; எனக்கு மூத்தவர்; அண்ணாச்சி என்றே அழைப்பேன். அவர் காலமான பிறகு அந்தப் பெட்டியை யாரும் தொடவில்லை. 2023 டிசம்பரில் தாமிரபரணி கரை புரண்டு தெருவுக்குள் வந்தபோது, மச்சில் இருந்ததால் பிழைத்தது. வெள்ளம் வடிந்ததும் மதினி ஆள் அனுப்பிக் கூப்பிட்டார்.

"அவுக எழுதுனதை எல்லாம் பத்திரமா எடுத்துத் தந்திருங்க தம்பி. இன்னொரு வெள்ளத்துக்கு இது தாங்காது."

சுலபமான காரியம் என்று நினைத்தேன். கோப்புகளை மட்டும் புதிய கணினியில் போட்டுப் பார்த்தால் தமிழ் இல்லை, வெறும் கிறுக்கல். யூனிகோடு பரவுவதற்கு முன்னால் தமிழுக்கு மென்பொருளுக்கு ஒரு குறியீட்டு முறை இருந்தது. அண்ணாச்சி தட்டெழுதிய மென்பொருளோ அந்தப் பெட்டியில், அதன் விண்டோஸ் எக்ஸ்பியில்தான் ஓடும். ஏட்டைப் படிக்க ஏட்டின் காலமே வேண்டியிருந்தது.

வழி சொன்னவன் கம்ப்யூட்டர் பழுது பார்க்கும் ஒரு பையன். பெட்டியின் ஹார்ட் டிஸ்க்கைக் கழற்றி, ஒரு மூலை விடாமல் படித்து, ஒரே கோப்பாக்கினான். அதைப் புதிய கணினிக்குள் ஒரு மெய்நிகர் கணினியாக ஓடவிட்டான். ஓர் இயந்திரத்துக்குள் பல இயந்திரங்கள் இருப்பதாகப் பாவனை செய்யும் இந்த வித்தையை ஐ.பி.எம். நிறுவனத்தார் 1960களிலேயே செய்து பார்த்திருக்கிறார்கள். முதலில் நீலத்திரைதான் வந்தது. "உயிர் பழைய உடம்பைத் தேடுது" என்றேன். பையன் சிரித்தான். வட்டின் இணைப்பு பழைய ஐ.டி.இ. வகை போல நடிக்கும்படி மாற்றினான். மறுபடி ஓடவிட்டதும் அண்ணாச்சியின் திரை வந்தது. பின்னணியில் குறுக்குத்துறை முருகன் கோவில். மதினி கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"ஸார், அவங்க அழிச்சதும் இதுல கிடக்கும். வேணும்னா மீட்டுப் பாக்கலாம்" என்றான் பையன்.

கணினியில் ஒன்றை அழித்தால் பெரும்பாலும் அதன் பெயர்தான் பட்டியலிலிருந்து போகிறது. அந்த இடத்தில் வேறொன்று எழுதப்படும் வரை எழுத்து அங்கேயே கிடக்கிறது.

என் மனம் தடுமாறியது. என் முதல் நாவலைப் பற்றி அண்ணாச்சி நீண்ட கட்டுரை ஒன்று எழுதி, எனக்குக் காட்டாமலே அழித்துவிட்டார். அவரே ஒருநாள் சிரித்துக்கொண்டு சொன்னதுதான். என்ன எழுதியிருந்தார் என்பது எனக்குத் தெரியாது. இப்போது அது கைக்கெட்டும் தூரத்தில். நியாயங்களும் உடனே வந்து சேர்ந்தன. செத்தவருக்கு என்ன ரகசியம்? ஐயர் ஏடு தேடியபோது சங்கப் புலவர்களிடம் அனுமதி கேட்டாரா?

மதினியிடம் கேட்டேன்.

"அவுக எழுதுனதைத்தான தம்பி கேட்டேன்? அழிச்சதைக் கேக்கலியே."

அந்தச் சொல்லில் என் நியாயம் உடைந்தது. புலவர் பாடியது பிறர் கேட்பதற்கு. அழித்தவர் சொன்னதோ, இதை யாரும் கேட்க வேண்டாம் என்பது. எழுதுவது ஒருவர் விருப்பமானால் அழிப்பதும் அவர் விருப்பமே. அழியாமல் கிடப்பது இயந்திரத்தின் சோம்பல். அவர் கொடுத்த அனுமதி ஆகாது.

அப்படியானால் முழுப் பிரதி எடுத்ததே தவறா? இல்லை. பொறுக்கி எடுக்கத் தொடங்கினால் நமக்குப் புரியாததை எல்லாம் வேண்டாததென்று தள்ளிவிடுவோம். எடுப்பவன் முழுதாக எடுக்கவேண்டும். படிப்பவன் அளவோடு படிக்கவேண்டும். இரண்டும் வேறு வேறு கடமை. காப்பாற்றியதனாலேயே காவல்காரன் சொந்தக்காரன் ஆகிவிடமாட்டான்.

அண்ணாச்சியின் எழுத்துக்களை யூனிகோடுக்கு மாற்றி, அச்சிட்டு, மதினியிடம் கொடுத்தேன். எல்லாவற்றையும் சரிபார்த்த பிறகே பெட்டி பழைய இரும்புக்காரரிடம் போயிற்று. ஹார்ட் டிஸ்க்கை அதில் விடவில்லை. அதுவும் முழுப் பிரதியும் மதினியின் பீரோவில், அண்ணாச்சியின் மூக்குக்கண்ணாடிக்குப் பக்கத்தில் இருக்கின்றன. ஒருவேளை அந்தக் கட்டுரையும் அங்கே இருக்கலாம். அந்த வீட்டுக்குப் போகும்போதெல்லாம் பீரோவைப் பார்க்கிறேன். சாவியைக் கேட்டதில்லை.